கத்தரிக்கு ஒரு லேப்டாப்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. ஒரு இணையதளக்காரர் என்னிடம் கேட்டது கட்டுரை. "சார், கையைக் கடிக்காத விலையில வீடியோ எடிட்டிங்குக்கு லேப்டாப் வாங்கறது எப்படின்னு எழுதிக் குடுங்க. ஜனங்க தேடறாங்க" என்றார். ஜனங்கள் தேடுவது லேப்டாப்பை, என்னை இல்லை என்று எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டேன். என் சிறுகதைகளை யாரும் தேடி நான் பார்த்ததில்லை.

கட்டுரையை இப்படி ஆரம்பித்தேன்:

இன்றைய அவசர உலகில், காணொளி என்பது—

[நிறுத்திவிட்டேன். "இன்றைய அவசர உலகில்" என்று ஆரம்பிக்கிற எதையும் எந்த அவசரக்காரனும் படிக்க மாட்டான். அவசரமில்லாதவனும் படிக்க மாட்டான்.]

லேப்டாப்பைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நாலு வார்த்தை விசாரிக்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடிக் கதவு, உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் ஏசி, வரிசையாகத் திறந்து வைத்த லேப்டாப்புகள், எல்லாத் திரையிலும் ஒரே மலை, ஒரே ஏரி. அங்கே ஒரு மேசைக்கு முன்னால் ஒரு அக்காவும் தம்பியும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் மவுஸ் பார்க்கிற மாதிரி பாவ்லா பண்ணிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போனது.

2

அவனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது.

[வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் உடனே 'ஐயோ பாவம்' என்று ஒரு முகம் வைத்துக்கொள்வீர்கள். கதை முடிகிறவரை அதைக் கழற்ற மாட்டீர்கள். அவனுக்கு அந்த முகத்தைக் கண்டாலே ஆகாது.]

ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவன் லேப்டாப் வாங்க வந்தான்.

ஆங், இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

அவனைத் தம்பி என்றே கூப்பிடலாம். முப்பதைத் தாண்டியவன், கட்டை மீசை, முழங்கை வரை மாவு பிசைந்து முறுக்கேறிய கை. ஆனாலும் பக்கத்தில் ஒரு அக்கா நின்றுவிட்டால் எப்பேர்ப்பட்ட ஆளும் தம்பிதான். அக்காவுக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. உள்ளேயிருந்து டாக்டர், "அந்த ஆளை இன்னொரு நாள் வந்து தொலையச் சொல்லு" என்று கத்துவார். அக்கா வெளியே சிரித்த முகமாக, "டாக்டர் இன்னிக்குக் கொஞ்சம் பிஸிங்க" என்பாள். அவளுக்குச் சம்பளமே இதற்குத்தான். இதையே தம்பிக்குச் சம்பளமில்லாமல் செய்கிறாள், அவன் பேச ஆரம்பித்த காலத்திலிருந்து.

தம்பி பேசுவது கையால். அதிலும் இரண்டு வகை. பள்ளிக்கூடத்தில் படித்த சைகை சிநேகிதர்களோடு பேச. சின்ன வயதில் அக்காவும் அவனும் வீட்டுக்குள்ளேயே சேர்ந்து கட்டிக்கொண்ட சைகை அக்காவோடு பேச. இந்த இரண்டாவது, உலகத்தில் மொத்தம் இரண்டே பேருக்குத் தெரிந்த மொழி.*

வேலை முடிந்ததும் தம்பி போனைச் சுவரில் சாய்த்துவைத்துத் தன்னைத்தானே வீடியோ எடுப்பான். காது கேட்கிறவர்கள் தன்னிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று நடித்துக் காட்டுவான். ஒருத்தர் வாயை அகலத் திறந்து ஒவ்வொரு எழுத்தாகத் துப்புவார். ஒருத்தர் காதோரம் வந்து கத்துவார். இன்னொருத்தர் பையில் கை விட்டுச் சில்லறை தேடுவார். சிநேகிதர்கள் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர்களுக்குச் சைகை புரியும். ஊரில் மற்றவர்களுக்கும் புரிய வேண்டுமென்றால் கீழே எழுத்து ஓட வேண்டும். அவனே எழுதின எழுத்து. அவன் சொன்னது சொன்னபடி. அதற்குத்தான் எடிட்டிங். போனோ இரண்டு வரி எழுத்துப் போடுவதற்குள் சூடேறிப் படுத்துவிடுகிறது.

இந்த வீடியோ சமாசாரம் அக்காவுக்குத் தெரியாது. தெரியாமல் அவன்தான் பார்த்துக்கொண்டான். ஏனென்றால் அதில் ஒரு வீடியோ அக்காவைப் பற்றியது. அவன் மூச்சுவிடாமல் கையை ஆட்டி ஒரு பெரிய விஷயத்தை வெளுத்து வாங்குகிறான். பிறகு எதிர்ப்பக்கம் போய், தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு அக்காவாக நின்று, 'சரிங்கறான்' என்று ஒரே வார்த்தையில் வாயசைத்துவிட்டுப் போய்விடுகிறான்.

* அப்படியானால் உனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்கிறீர்கள். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற ஒரே சலுகை அதுதான், அதிலும் கை வைக்காதீர்கள்.

3

ஒரு சின்னத் தொல்லை. கையால் சொன்னதை எப்படி எழுதுவது?

முதல் வரைவில் சாய்வெழுத்தில் போட்டேன். கனவில் பேசுகிற மாதிரி இருந்தது. அடுத்த வரைவில் அடைப்புக்குறிக்குள் போட்டேன். ரகசியம் பேசுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம், 'என்று சைகையால் உணர்த்தினான்' என்று வாக்கியத்துக்கு வாக்கியம் எழுதிப் பார்த்தேன். அதில் அவன் மனிதனாகவே தெரியவில்லை, சாலையில் போக்குவரத்தைத் திருப்பிவிடுகிற பலகை மாதிரி தெரிந்தான். கடைசியில் எல்லோருக்கும் போடுகிற அதே மேற்கோள் குறியைப் போட்டேன். அவன் பேசுகிறான். பேச்சுக்கு என்ன தனிக் குறி வேண்டிக்கிடக்கிறது?

4

தம்பி அந்தக் கடைக்கு இதற்கு முன்பே ஒரு தடவை தனியாக வந்திருக்கிறான். அங்கே டை கட்டின ஒரு விற்பனைக்காரர். தம்பி தனக்கு வேண்டியதைப் போனில் பத்தி பத்தியாகத் தட்டிக் காட்டினான். டைக்காரர் அதைப் பாதி படித்தார், அவன் முகத்தைப் பார்த்தார், அவன் போனை வாங்கி ஒரே வரி தட்டினார்: 'வீட்ல யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க.'

அதனால்தான் இன்றைக்கு அக்கா. எதற்கு, ஏன் என்று சொல்லாமல், "ஒரு கடைக்குப் போகணும், கூட வா" என்று மட்டும் சொல்லிக் கூட்டிவந்திருக்கிறான். அவன் போட்ட திட்டம் சுலபமானது. அக்கா பேரம் பேசுவாள், அவன் காசைக் கொடுப்பான், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம்.

டைக்காரர் அக்காவிடமே பேசினார். தம்பி அங்கே நிற்கிற ஒரு பீரோ.

"மேடம், இதோட சவுண்டைக் கேளுங்க, அசந்துடுவீங்க!" என்று ஒரு லேப்டாப்பில் பாட்டை முழு சத்தத்தில் அலறவிட்டார்.

தம்பி மேசைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். அதிர்ந்தது. "மேசைக்கு ரொம்பப் பிடிச்சிருக்குன்னு சொல்லு. மேசைக்கே வித்துடச் சொல்லு" என்றான்.

அக்கா டைக்காரரிடம், "சவுண்டு நல்லா இருக்குன்னு சொல்றான்" என்றாள்.

மற்றவர்கள் உதடு தம்பிக்குப் பிடிபடாது. அக்காவின் உதடு அத்துப்படி. அவள் வாக்கியம் எப்போதும் 'சொல்றான்' என்று முடியும். அந்த உதட்டுச் சுழிப்பைப் பார்த்ததும் அவனுக்குத் தெரிந்துவிடும், தன் பேச்சு மொட்டையடிக்கப்பட்டு வெளியே போய்விட்டதென்று.

டைக்காரர் விலை சொன்னார். தம்பி, "அந்த டையைப் பிடிச்சு ஒரு இழு இழுத்தா எவ்வளவு குறையும்னு கேளு" என்றான்.

"ஏதாச்சும் பார்த்துப் போட்டுக் குடுங்கன்னு சொல்றான்."

"உங்க தம்பி ரொம்ப சாதுவான பையன் மேடம்" என்றார் டைக்காரர்.

அக்கா அதைத் தம்பிக்குக் கையால் சொல்லிவிட்டுப் பெருமையாகத் தலையாட்டினாள். தம்பிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் பற்றிக்கொண்டு வந்ததைச் சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வாய் அவளுடையது.

5

இணையதளக்காரருக்காக இந்த ஒரு பகுதி. கதைக்கு வந்தவர்கள் வேண்டுமானால் தாண்டிப் போகலாம், லேப்டாப் தேடி வந்தவர்கள் இதை மட்டும் படித்துவிட்டு ஓடிப்போகலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். [கோபித்துக்கொள்வேன்.]

வீடியோ வெட்டி ஒட்டுகிற வேலைக்கு மெமரி தாராளமாக வேண்டும். ராம் பதினாறு ஜிபி இருந்தால் மூச்சு முட்டாது. எட்டுதான் கிடைத்தது என்றால் பிறகு கூட்டிக்கொள்ள வசதி இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே ஃபைல்களைச் சேமிக்க இருப்பது வேகமான எஸ்எஸ்டியா என்று கேளுங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் உத்தமம். நிறம் சரியாகத் தெரிகிற திரை வேண்டும், இல்லாவிட்டால் மாநிறத்து மனிதர் மஞ்சள் காமாலை வந்தவராகத் தெரிவார். பார்க்க அழகாக இருக்கிறதா, கைக்கு அடக்கமாக இருக்கிறதா என்பதையெல்லாம் விடுங்கள், அது கல்யாணத்துக்குப் பெண் பார்க்கிறவர்களுக்கே உதவுவதில்லை.

[கடைசி வாக்கியத்தை இணையதளக்காரர் நிச்சயம் எடுத்துவிடுவார். எடுக்கட்டும்.]

மேசைமேல் கடைசியாக இரண்டு மிஷின்கள் மிஞ்சின. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்று கறுப்பு, குண்டு, செங்கல் கனம், மேலே பெயிண்ட்கூடச் சரியாக அடிக்கவில்லை. ஆனால் நான் மேலே சொன்னதெல்லாம் அதில் இருந்தது. இன்னொன்று வெள்ளி நிறம், மெல்லிசு, ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகலாம். கடிதம் தட்டலாம், கணக்குப் போடலாம், படம் பார்க்கலாம். வீடியோவை மட்டும் அதில் வெட்ட ஆரம்பித்தால் அது நம்மை முறைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். தம்பியிடம் இருந்த காசுக்கு இரண்டில் ஒன்றுதான்.

தம்பி ஏற்கெனவே தீர்மானித்துவிட்டான். கறுப்பு.

6

டைக்காரர் கேட்டார்: "அது சரி மேடம், முக்கியமா எதுக்கு யூஸ் பண்ணப்போறீங்க?"

அக்கா தம்பியிடம் திரும்பி, எதற்கு என்று கேட்டாள். ஏதோ படம் பார்க்கத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் கேட்டாள்.

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், கதை இந்த இடத்தில்தான் குப்புற விழுகிறது. தம்பி இரண்டு விரலை நீட்டிக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டிக் காட்டினான். பிறகு அந்தக் கறுப்பு மிஷினைத் தொட்டான். சிநேகிதர்கள் கூட்டத்தில் கத்தரி என்றால் வீடியோ எடிட்டிங். அவன் சொன்னது, "கத்தரி வேலைக்கு லேப்டாப்."

ஆனால் வீட்டு மொழியில் கத்தரி என்றால் அக்கா. சின்ன வயதில் அவள் கத்தரிக்கோலை எடுத்து அவன் தலையில் ஒரு பக்கத்தை ஒட்ட வழித்துவிட்டாள். அன்றைக்கு அவன் அவளுக்கு வைத்த பேர் அது. இத்தனை காலமும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். வீடியோ விஷயத்தை அவளிடமிருந்து மறைத்தே பழகியதில், அதற்கும் அதே சைகைதான் என்பதை ஒருதரம்கூட யோசித்ததில்லை.

அக்கா படித்தது, "கத்தரிக்கு லேப்டாப்." அதாவது, அக்காவுக்கு.

அவளும்தான் என்ன செய்வாள்? மருத்துவமனையில் இனி நோட்டு கிடையாது, எல்லாமே கம்ப்யூட்டரில்தான், கற்றுக்கொள்ளாதவர்கள் வேறு இடம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இந்தத் தடவை அதை மென்மையாக மாற்றிச் சொல்ல அவளுக்கு இன்னொரு அக்கா இல்லை. வீட்டில் புலம்பிக்கொண்டிருந்தாள். தம்பியும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான்.

"எனக்குங்க" என்று டைக்காரரிடம் சொன்னாள். "எனக்காக வாங்கறான். மாவு பிசையற காசுல." பிறகு தம்பியின் கன்னத்தை ஒரு தட்டு தட்டி, "லூசு, எனக்கு எதுக்குடா இவ்வளவு கனமான மிஷின்? அந்த வெள்ளிக் கலர் போதும்" என்றாள்.

டைக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்துக்கொண்டே வெள்ளிக் கலருக்கு பில் போட ஆரம்பித்தார்.

7

இப்போது நான் மாட்டிக்கொண்டேன். முடிவு வேண்டுமே. மூன்று எழுதி வைத்திருக்கிறேன், பாருங்கள்.

முதல் முடிவு. தம்பி ஒன்றும் சொல்லவில்லை. அக்கா முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தான். தன் கனவை மென்று விழுங்கிவிட்டுப் பணத்தை எடுத்து—

[வாசகர்கள் அழுவார்கள், கடிதம் போடுவார்கள், எனக்கு ஒரு சால்வைகூடக் கிடைக்கலாம். ஆனால் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தம்பி கதைக்குள்ளிருந்து என் பக்கம் திரும்பினான். "யோவ், என் காசுல நீ எதுக்குய்யா தியாகம் பண்ற?" என்றான். அந்த முடிவை அடித்துவிட்டேன்.]

இரண்டாம் முடிவு. அக்கா தம்பி பாசத்தைப் பார்த்து உருகிப்போன டைக்காரர், ஒன்றின் விலைக்கு இரண்டையும்—

[அட, போங்கப்பா.]

மூன்றாம் முடிவு. கறுப்பு மிஷினை வாங்கி ஆளுக்குப் பாதி நேரம். காலையில் அக்கா மருத்துவமனை வேலை பழகுவாள், சாயங்காலம் தம்பி வீடியோ. நியாயமான தீர்ப்பு, என் மனைவிக்குக்கூடப் பிடித்திருந்தது. தம்பிதான் ஒத்துக்கொள்ளவில்லை. "மிஷினைப் பங்கு போட எனக்கு ஆட்சேபணை இல்ல. நாளைக்கே தரேன். ஆனா நான் எதுக்கு வாங்கறேன்னு அவளுக்குத் தெரியாமலே போயிடும். மறுபடியும் நான் சாதுவான பையன். அதுக்கு நான் பழைய போனே வச்சுக்கறேன்" என்றான்.

"சரி, சொல்லிடு அப்போ" என்றேன்.

"சொன்னா அழுவா."

"சொல்லாட்டா?"

பில் மிஷின் காகிதத்தைத் துப்பத் தொடங்கியிருந்தது.

[இந்த இடத்தில் எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. மேசை ஜோக், டை ஜோக் எல்லாம் உங்களுக்குச் சிரிப்பு வரட்டும் என்று நான் பொறுக்கி எடுத்தவை. அவன் அங்கே இன்னும் எவ்வளவோ பேசியிருப்பான். அக்காவைக் கிண்டல் பண்ண எனக்கு என்ன யோக்கியதை? போகட்டும், பில் வருகிறது.]

8

தம்பி அக்காவின் தோளைத் தட்டித் தன் பக்கம் திருப்பினான். வெள்ளி மிஷினை மூடித் தள்ளி வைத்தான். பேச ஆரம்பித்தான். இந்தத் தடவை மெதுவாக, ஒரு சைகைகூட விட்டுப்போகாமல்.

"இது உனக்கில்ல. கத்தரின்னு நான் சொன்னது உன்னை இல்ல, வேலையை. வீடியோ வெட்டற வேலை. நான் வீடியோ போடறேன். உன்கிட்ட மறைச்சேன். அதுல உன்னையும் கிண்டல் பண்ணியிருக்கேன். நான் சொல்றது சொன்னபடியே நாலு பேருக்குப் போகணும், நடுவுல நீ இல்லாம. நீ நல்லவ. ஆனா நான் எவ்வளவு பேசினாலும் நீ ஒரு வரிதான் வெளிய விடற. இந்த ஊரே என்னை சாதுன்னு நினைச்சுக்கிட்டு இருக்கு. நான் சாது இல்ல. எனக்கு வாய் ஜாஸ்தி."

அக்கா முகம் முதலில் வெளுத்தது, அப்புறம் சிவந்தது. பில் பாதியில் நிற்க, டைக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மேடம், தம்பி என்ன சொல்றார்?"

தம்பி அவள் உதட்டையே பார்த்தான். என்ன வரும் என்று அவனுக்குத் தெரியும். 'கறுப்பே இருக்கட்டும்னு சொல்றான்.' இவ்வளவையும் அவள் அந்த ஒரு வரிக்குள் மடித்துவைத்துவிடுவாள். வீட்டுக்குப் போய்த் தனியாக அழுவாள்.

அக்கா டைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இது அக்காவுக்கு இல்ல" என்றாள். "எனக்கு. நான் வீடியோ போடறேன். இவகிட்ட மறைச்சேன். இவளையும் அதுல கிண்டல் பண்ணியிருக்கேன்..."

ஒரு வார்த்தை விடவில்லை. 'நடுவுல இவ இல்லாம' என்ற இடத்தில் கொஞ்சம் தடுமாறி நின்றாள். கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். திரும்ப அதே இடத்திலிருந்து ஆரம்பித்து அதையும் சொன்னாள். "...நான் சாது இல்ல. எனக்கு வாய் ஜாஸ்தி" என்று முடித்து, உதட்டை மூடிக்கொண்டாள்.

தம்பி காத்திருந்தான். அந்தக் கடைசி 'சொல்றான்' வரவில்லை.

டைக்காரருக்குத் தலை சுற்றியது. "மேடம், யாருக்கு வாய் ஜாஸ்தி? உங்களுக்கா?"

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு இரண்டு எட்டு பின்னால் தள்ளிப்போய், மலையும் ஏரியும் ஓடுகிற லேப்டாப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். டைக்காரருக்கு எதிரே இப்போது தம்பி மட்டும்தான்.

டைக்காரர் முழித்தார். தொண்டையைச் செருமினார். வேறு வழியில்லாமல், அவன் கையைப் பார்த்தார்.

தம்பி கையைத் தூக்கினான், பேசினான்.

என்ன சொன்னான் என்றா கேட்கிறீர்கள்? அவனையே கேளுங்கள். நடுவில் நான் எதற்கு?